முதலில் வந்தது சத்தம்

டவுகவ்பில்ஸில் பிப்ரவரி.
காதுகேளாதோர் சங்கத்தின் கதவில் மணி கிடையாது,
பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு விளக்கு மினுங்கும்.
மினுக்கிவிட்டுப் பனியில் நின்றேன்.
திறந்த ஓயார்ஸ் என் கருவிப்பெட்டியைப் பார்த்தார்,
கை நீட்டிச் சுவரைக் காட்டினார்.
ஐம்பது அங்குலத் திரை.
அதற்கு எதிரே இருபத்துமூன்று பேர்,
ஈரக் கோட்டு நாற்றம், வெந்தயக்கீரை மணம், கம்பு ரொட்டி.

லேப்டாப்புக்குச் சொந்தக் கண் இல்லை.
போன கோடையில் யாரோ அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.
திரைக்கான துளையும் அன்றைக்கே நசுங்கியது.
இப்போது ஒரு யூஎஸ்பி அடாப்டர், தீப்பெட்டி அளவு,
அது இருப்பதால்தான் சுவரில் ஏதாவது தெரிகிறது.

அம்புக்குறி தெரிகிறது.
தேன்கூடுகள் முன்னால் எல்லோரும் நிற்கும்
சுற்றுலாப் படங்கள் பளிச்சென்று தெரிகின்றன.
வீடியோவைத் திறந்தால் மட்டும்
சட்டத்துக்குள் இருட்டு.
அடியில் நேரக்கோடு நகர்கிறது,
பன்னிரண்டு நொடி, பதின்மூன்று,
எதுவுமே கெட்டுப்போகாததுபோல.

ஓயார்ஸ் துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார்:
லாஸ்மா அனுப்பியது. அயர்லாந்து. காளான் பண்ணை வேலை.
எல்லோரும் சேர்ந்துதான் பார்க்கணுமாம்.
முன்வரிசையில் கோட்டைக் கழற்றாமல் இருப்பது
அவள் அம்மா வெல்டா.

கேபிளை மாற்றினேன்.
இடப்பக்கத் துளையிலிருந்து வலப்பக்கத்துக்கு.
டிரைவரை அழித்தேன், மறுபடி ஏற்றினேன்,
அணைத்துப் போட்டேன்.
இருபத்துமூன்று பேர் என் முதுகைப் பார்த்தார்கள்.
மறுபடி இருட்டு. இருபது நொடி. முப்பது.

ஒலி முழு அளவில் இருந்தது.
குறைக்க இங்கே யாருக்கும் காரணம் இருந்ததில்லை.

நாற்காலி தரையில் இழுபட்டது.
கெட்டில் கொதித்து, தட்டென்று அணைந்தது.
பிறகு சட்டைக்கை உரசல்,
உள்ளங்கையில் விரல் மோதும் சின்னச் சின்னச் சொடுக்குகள்.
ஒரு பெண் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறாள்,
என் காதுக்கு ஒரு சொல்லும் இல்லை.
அப்புறம், மிக அருகே,
வீலென்று ஓர் அழுகை.
புத்தம் புதிது,
எதன்மேல் கோபப்படுவது என்று
இன்னும் முடிவுசெய்யாத அழுகை.

நான் திரும்பியிருக்கக் கூடாது.
முகம் படித்தே வளர்ந்தவர்கள் நடுவில்
முகத்தை எங்கே ஒளிப்பது?
வெல்டா எழுந்துவிட்டார்.
சுவரில் ஓடாத படம்
என்மேல் ஓடிக்கொண்டிருந்தது.
என்ன, என்றது அவர் கை.
நான் சொல்லக் கூடாத செய்தி.
கேபிளைக் காட்டினேன்,
திருட்டு முழியோடு.

காரணம் அற்பம்தான்.
கிராபிக்ஸ் சிப்புக்கு அவசரம்.
படத்தைக் கொல்லைவழியாகக் கொண்டுபோய்த்
தானே ஊற்றிவிடும்.
அடாப்டர் பாவம், வாசலில் உட்கார்ந்து
வாசல்வழி வருவதை மட்டும் நகலெடுக்கும் குமாஸ்தா.
அமைப்புகளில் நாலாவது பக்கம்,
வன்பொருள் முடுக்கம் என்று ஒரு டிக்.
எடுத்தேன்.

வந்தாள்.
திக்கித் திக்கி, நொடிக்குப் பத்துப் படம்தான்,
விரல்கள் ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் முளைத்தன.
இவர்களுக்கு அது போதவில்லை,
பாதிச் சொற்கள் உதிர்ந்துபோகின்றன என்று
ஓயார்ஸ் தாளில் கோபமாக எழுதினார்.
அளவை எழுநூற்று இருபதுக்கு இறக்கினேன்.
கை சீரானது.
லாஸ்மா ஏதோ சொன்னாள், குனிந்தாள்,
நிமிர்ந்தபோது மடியில் ஒரு பச்சைப் போர்வை.

கைதட்டல் இல்லை.
நாற்பத்துச் சொச்சம் கைகள்
தலைக்கு மேலே படபடத்தன.
எனக்கு மட்டும் ஒரு குறை:
குழந்தை வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்பே
அழுகை வந்துவிடுகிறது.
சரிசெய்யப் போய், விட்டுவிட்டேன்.

மூன்றாம் தடவை ஓடும்போது வெல்டா மேசைக்கு வந்தார்.
லேப்டாப்பைத் தொட்டு, என் காதைக் காட்டினார்.
அவர் கையைப் பிடித்து
ஸ்பீக்கர் ஓட்டைகள்மேல் வைத்தேன்.
காத்திருந்தோம்.
நாற்காலி. கெட்டில்.
இதோ, என்று நான் தலையசைக்கும் முன்னே
அவர் விரல்கள் சட்டென்று விலகி,
மெல்லத் திரும்பி வந்தன.

அடாப்டர் கொதித்துக்கொண்டிருந்தது.
ஜன்னல் ஓரம், கண்ணாடிக்குப் பக்கத்தில்
நகர்த்தி வைத்தேன்.