எட்டு ஆணி

பட்டறையின் தென்கிழக்குத் தூணில்
தேங்காய் கட்டியவள் மா தான் சீ.
சிவப்புத் துணி சுற்றி, தலைப்பாகை மாதிரி.
"அவரும் கொல்லர்தான். ராஜா மரத்தில் கட்டி எரித்துவிட்டார்.
உள்ளே தண்ணீர் இருந்தால் காந்தல் அடங்கும்" என்றாள்,
பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.
சந்தியாகு சிலுவை போட்டுக்கொண்டார்.
மறுவருஷம் காய் வற்றியபோது
புதுசு வாங்கிவந்து கட்டியது அவர்தான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

பியாப்போனில் எங்கள் தொட்டித் தண்ணீருக்கு
இரும்பைவிடக் கிராக்கி.
மரு உதிர, பிள்ளைக்குப் பயம் தெளிய,
அக்கரையிலிருந்தும் குப்பியோடு வருவார்கள்.
காசு வாங்கினால் பலிக்காதென்று
யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.
யாரென்று தெரிந்தால் உலையில் வைப்பேன்.

அந்த வருஷம் பெரிய வெள்ளியும் தண்ணீர்த் திருவிழாவும்
ஒரே நாளில் வந்து மோதின.
தெருவெல்லாம் தகர டப்பா, மேளம், பீச்சாங்குழல்.
கோயிலில் மணிக்கு வாய் கட்டி
மரக்கட்டை தட்டினார்கள்.
உலை குளிர்ந்து கிடந்தது.
ஆண்டவரை அறைந்த ஆணியும்
எவனோ ஒரு கொல்லன் அடித்ததுதானே;
அன்றைக்கு மட்டும் இவர் ஆணி தொடுவதில்லை.

உச்சிவெயிலில் மா தான் சீ வந்தாள்.
நனையாமல் வந்தாள், அந்தத் தெருவில், அந்த நாளில்.
பையன்கள் வாளியை இறக்கிவிட்டார்கள் என்பது
அப்புறம்தான் உறைத்தது.
படகுக்கும் கரைக்கும் நடுவே கோ லூன் நசுங்கிவிட்டார்.
பெட்டிக்குப் பலகை இருக்கிறது.
கடை ஒன்றும் திறக்கவில்லை.
எங்களிடமிருந்த ஆணியைப்
போன வாரமே படகுக்காரர்கள் அள்ளிப்போயிருந்தார்கள்.
"எட்டுப் போதும்" என்றாள். விரலிலும் காட்டினாள்.

சந்தியாகு அடைகல்லையே பார்த்தார்.
சட்டை மாட்டினார்.
சம்மட்டியை எடுத்து
பிடி என் பக்கம் இருக்கும்படி வைத்தார்.
கோயிலுக்குப் போய்விட்டார்.

பதினாறு வருஷம் துருத்தி இழுத்தவள் நான்.
இரும்பு எப்போது செம்பருத்தியை விட்டு
ஆவாரம்பூவுக்கு வரும் என்று
கண்ணுக்குத் தெரியும். கைக்குத் தெரியாது.
முதல் ஆணி வளைந்தது.
இரண்டாவதற்குத் தலை இல்லை.
மூன்றாவதில் பொறி பறந்து
மணிக்கட்டில் உட்கார்ந்தது.
கேட்காமலே துருத்தியைப் பிடித்துக்கொண்டாள் அவள்.
மணி அடிக்காத நாளில்
ஊருக்கு அந்தச் சத்தம் ஒன்றுதான்.
கோயில்வரை கேட்டிருக்கும்.
கேட்கட்டும்.

இருட்டித்தான் வந்தார்.
என் கையை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார்.
தேங்காயை அவிழ்த்து, துணியை மடித்துவைத்து,
அடைகல்லின் மூக்கில் ஒரே தட்டு.
தண்ணீர் கொஞ்சம் புளித்திருந்தது.
மணிக்கட்டில் ஊற்றினார், சொட்டு விடாமல்.
"அவருக்கு?" என்றேன், தூணைக் காட்டி.
"ஒரு ராத்திரி பொறுத்துக்குவார்."

திங்கட்கிழமை கருவாடு கொண்டுவந்தாள் மா தான் சீ.
வாங்கிக்கொண்டேன்.
அந்த வளைந்த ஆணியைக் கேட்டாள், தன் வாசலுக்கு.
கொடுக்க முடியவில்லை.
புதுத் தேங்காய் அதில்தான் தொங்குகிறது.
சனிக்கிழமை விடியுமுன்னே
அவர் அடித்துவைத்தது.