விடத்தல்

எங்கள் படிவத்தின் ஏழாம் கட்டம்: தாவரம்.
அதற்குள் 'பற்றை' என்று எழுதினால் போதும்.
ஈச்சும் பற்றை, காரையும் பற்றை, சூரையும் பற்றை.
வெள்ளாங்குளத்து வெயிலில்
முகக்கவசத்துக்குள் வியர்த்தபடி முழந்தாளில் நிற்பவளுக்கு
அதற்குமேல் தமிழ் தேவையில்லை.

பதினாறாம் ஒழுங்கையில் அது நின்றது.
ஏழு மாதம் மழையில்லை.
குளத்தின் அடி பாளம்பாளமாய் வெடித்துக் கிடக்க
இது பூத்திருந்தது:
தலைகீழாய்த் தொங்கும் சிறு திரி,
மேல்பாதி ரோசா, கீழ்ப்பாதி மஞ்சள்,
தையற்காரி மிச்சத் துணி இரண்டை ஒட்டுப்போட்டதுபோல.

"விடத்தல்" என்றாள் எமில்டா, அடம்பன்காரி.
"ஆடு தின்னும். எங்கட பட்டிக்கு அலம்பல் இதுதான்."
"எங்களுக்கு இதுக்குப் பேரே கெடையாது" என்றாள் செல்வராணி.
அவளுடைய ஆட்கள் எழுபத்தேழில்
தேயிலை மலையிலிருந்து வந்தவர்கள்.
"குத்தினா ஒரு கெட்ட வார்த்த சொல்லுவோம். அதான் பேரு."

வாழ்தல், காய்தல், விடுதல்.
தொழிற்பெயர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது.
விடத்தல் எந்தத் தொழிலின் பெயர்?

வன்னி என்றும் ஒரு மரம் இருக்கிறதாம்.
அகராதியில் பார்த்திருக்கிறேன்.
இங்கே ஒருநாளும் கண்டதில்லை.

விதிப்படி நுனியிலிருந்து கத்தரித்தேன்,
ஒரு தடவைக்கு ஒரு சாண்.
முள் கையுறைக்குள் இறங்கியது.
செல்வராணி வைத்த பெயரால் அதைக் கூப்பிட்டேன்.

அடியில் கருவி அழுதது.
உள்ளங்கை அகலப் பச்சை வட்டம்.
வேர் அதைச் சுற்றி வளர்ந்திருந்தது.
எத்தனை வருடமாய்ப் பிடித்திருந்ததோ,
அமுக்காமல்.

அன்றைக்கு ஏழாம் கட்டத்தில் பெயரை எழுதினேன்.
தவபாலன் அண்ணை கோடு கீறிப் 'பற்றை' ஆக்கினார்.
வரைபடத்தில் அடையாளப் புள்ளிக்கு ஒரு பெயர் வேண்டும்.
விடத்தலடி என்று போட்டேன்.
அதை அவர் பார்க்கவில்லை.

இப்போது அங்கே பதினொரு வீடு, ஒரு குழாய்க்கிணறு.
மினிபஸ் பொடியன் கதவில் தொங்கிக் கத்துகிறான்:
"விடத்தலடி இறங்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ!"
ஏன் தம்பி இந்தப் பேர், ஒரு மரத்தையும் காணேல்லையே
என்று ஒரு மனுசி கேட்கிறா.
அவனுக்குத் தெரியாது.
நான் மிச்சக் காசை எண்ணிக்கொண்டிருந்தேன்.

யன்னலுக்கு வெளியே, கம்பி வேலியோரம்,
வெட்டிய வேரிலிருந்து இடுப்பளவுக்கு ஒன்று.
யாரோ அதில்
பிள்ளையின் சட்டை காயப்போட்டிருந்தார்கள்.