நாலேகால் அடி

சுவருக்குச் சுவர் நாலேகால் அடி.
இந்தப் பக்கம் மேடை ஒன்றரை,
அந்தப் பக்கம் அலமாரி ஒன்றேகால்.
மிச்சம் ஒன்றரை அடியில் நின்று
நானும் தர்மசீலனும் ஏழு வருடமாக
தினம் இருபத்திரண்டு கேரியர் கட்டினோம்.

அவர் சாம்பார் அண்டாவைத் தூக்கினால்
நான் மூச்சை இழுத்து அலமாரியோடு ஒட்டவேண்டும்.
நான் மேடைக்கடியில் குனிந்தால்
அவர் வாசல்வரை பின்னாலேயே நடக்கவேண்டும்.
கொண்டை ஊசி வளைவில்
மேலேறும் வண்டிக்கு முதல் வழி.
எங்கள் அடுக்களையில்
சூடாக இருப்பதற்கு.

குன்னூர், பெட்போர்டு சரிவு.
ஜூலையில் உப்பு தண்ணீராகும்.
மூன்றாவது தீக்குச்சிதான் பிடிக்கும்.
அலமாரிக் கதவு ஊறிப்போய்
ஆடியில் மூடினால் தையில் திறக்கும்.
ஒரு வருடம் ரவை டப்பா உள்ளே மாட்டிக்கொண்டது.
நாங்களும் உப்புமா இல்லாமல் நிம்மதியாக இருந்தோம்.

சீட்டு விழுந்த நாற்பதாயிரத்தை நம்பி
எபனேசரை வரச்சொன்னேன்.
டேப்பை இழுக்குமுன் ஒரு வேலை கொடுத்தார்:
தாளிப்புச் சாமானுக்காக நடக்கும் ஒவ்வொரு நடைக்கும்
ஒரு காய்ந்த மிளகாயை டம்ளரில் போடணும்.
பதினோரு மணிக்குக் கொட்டி எண்ணினோம்.
நாற்பத்தொன்று.

"இங்க கதவே ஆகாதுக்கா.
கதவு, திறக்க இடம் கேக்கும்.
இழுப்பறை போடலாம். ஆனா எதிரெதிரா ரெண்டையும்
ஒரே நேரத்துல இழுத்தா முட்டிக்கும்."
தெரியும் என்றேன்.
கல்யாணமாகிப் பதினோரு வருடம்.

அலமாரியைப் பெயர்த்த அன்று
பின்பலகைக்குப் பின்னால் ஒரு ஜன்னல்.
நீலச் சட்டம், ஆணியடித்தது,
ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.
எபனேசர் ஆணியைப் பிடுங்கியதும்
மேகம் உள்ளே வந்து மேடையில் உட்கார்ந்தது.
அது போனபின்
தேயிலைச் சரிவு, கீழே ஒரு லாரியின் தகர முதுகு,
அதற்கும் கீழே வெயில் அடிக்கும் வேறு ஏதோ ஊர்.

தர்மசீலன் டீ ஆறும்வரை பார்த்தார்.
"இதை இப்படியே விட்டுடலாமே."

மலையோடு எனக்குப் பகையில்லை.
பஸ்ஸில் பார்க்கிறேன்.
காயாத துணியின் பின்னால் தினமும் அதுதான் நிற்கிறது.
ஆனால் முப்பது கிலோ அரிசியை
மலையின் மேலா வைப்பது?
பெள்ளி அண்ணனுக்குப் போன் போட்டால்
திறந்தாலும் மூடினாலும் வாடகை அதேதான் என்கிறார்.

இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
ஒன்றரை அடியில் பேசாமல் இருப்பது
பெரிய வித்தை.

மூன்றாம் நாள் எபனேசர்
ஜன்னல் குழிக்குள் டேப்பை விட்டு
தனக்குத்தானே சிரித்தார்.
கருங்கல் சுவர். பதினெட்டு அங்குல கனம்.
"சுவருக்குள்ளயே ஒன்றரை அடி சும்மா கிடக்குக்கா.
அலமாரி எதுக்கு வெளிய நீட்டிக்கிட்டு?"

குழிக்குள் நாலு தட்டு போட்டார்.
சில்வர் ஓக், ஈரத்துக்கு இரண்டு கோட் வார்னிஷ்.
அடித்தட்டில் அரிசி, அதன்மேல் பருப்பு,
கைக்கு எட்டும் உயரத்தில் கடுகு, சீரகம், வெந்தயம்.
மேல் கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டு
புகைக்கு ஒரு காற்றாடி.
அது நிற்கும்போது
இறக்கைகளின் சந்தில் மூன்று துண்டு மலை.
அவருக்கு அது போதும்.
எனக்குப் போன வாரம் எண்ணியதில் ஒன்பது மிளகாய்.

சிலிண்டருக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.
வாசலுக்கு வெளியே, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு,
கூப்பிடாத விருந்தாளி மாதிரி நிற்கிறது.
உப்பைத் தேடி என் கை
இல்லாத அலமாரிக்கே போகிறது.

நடை இப்போது இரண்டேமுக்கால் அடி.
இரண்டு பேர் உரசாமல் போகலாம்.
ஆனாலும் தர்மசீலன்
"சூடு, சூடு" என்று குரல் கொடுத்துக்கொண்டேதான் வருகிறார்.
நானும் மூச்சை இழுத்து ஒதுங்கி நிற்கிறேன்.
திரும்பிப் பார்த்தால்
கையில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர்.