பத்தாவது தடவை

கல்லடியில் ஒழுங்கை முடிகிற இடத்தில் இரண்டறை அலுவலகம்.
மேசையில்
சவர்க்காரக் கட்டி அளவில் கறுப்பாய் ஒரு ஹார்ட் டிஸ்க்.
முகத்தில் பத்து எண்கள், திறப்புப் படம் ஒன்று.
கணினியில் அதற்கு நம்பிக்கை இல்லை.
தானே கேட்கும், தானே சரிபார்க்கும்.
எட்டு எண்ணும் சரியென்றால் பச்சை.
பிழையென்றால் சிவப்பு.
பத்துத் தடவை பிழைத்தால்
தன் திறப்பைத் தானே விழுங்கிவிடும்.

உள்ளே நாற்பத்துநான்கு குரல்கள்.
ஒன்றுக்கும் சொந்தப் பெயர் இல்லை.
கல்முனை பஸ் நிற்கும் இடங்களை இட்டிருந்தேன்:
கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை,
அவளவள் ஊர் அவளவளுக்கு வராதபடி மாற்றி.
குருக்கள்மடத்தில் தகரக் கதவொன்று அறைந்து சாத்தப்படும்.
அதன்பிறகு பதினொரு நிமிடம் அவள் பேசவில்லை.
அந்தப் பதினொரு நிமிடத்தையும்
வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில்
ஸ்பிரிட் தொட்ட துணியால் பொத்தான்களைத் துடைப்பேன்.
ஒரே எண்களில் ஒரே விரல் பட்டால்
மினுக்கமே காட்டிக்கொடுக்கும்.
ஆகவே தேவையில்லாத எண்களையும்
கொஞ்சம் தொட்டுவைப்பேன்.

புதன் பத்தரைக்கு இரண்டு பேர் வந்தார்கள்.
சிவில் உடுப்பு. அட்டை காட்டினார்கள்,
நான் வாசிக்குமுன் மடித்தார்கள்.
"நம்பரைச் சொல்லுங்க."
"மறந்துபோச்சு."
உயரமானவர் சிரித்தபடி கதிரையை இழுத்துப் போட்டார்.

முதலில் அழுத்தியது 26122004.
இந்தக் கரையில் யாரும் அதைத்தான் முதலில் அழுத்துவார்கள்.
சிவப்பு.
எனக்குக் கோபம் வந்தது,
அந்த நாளை ஒரு திறப்பாக நினைத்ததற்கு.
பிறகு என் பிறந்த நாள்.
அடையாள அட்டையின் கடைசி எட்டு.
தொலைபேசி எண்ணின் வால்.
ஒன்றிலிருந்து எட்டு. எட்டிலிருந்து ஒன்று.
ஆறு.
மற்றவர் தேத்தண்ணி கேட்டார்.
ஊற்றினேன், சீனியும் போட்டேன்.
கை நடுங்கவில்லை. அது எண்ணிக்கொண்டிருந்தது.
ஏழு. எட்டு.
ஒன்பதில் நிறுத்தி என்னைப் பார்த்தார்:
"இன்னும் பிழைச்சா என்ன நடக்கும்?"

சொல்லியிருக்கலாம்.
சொன்னால் எடுத்துக்கொண்டு போவார்கள்,
எங்கோ ஓர் அறையில்
என்னை அதன் பக்கத்தில் இருத்துவார்கள்.
"தெரியாது" என்றேன்.

சிவப்பு மூன்று தரம் சிமிட்டியது.
பிறகு நீலம்.
வாங்கிய அன்று கேட்டதுபோல்
புதிய எண் ஒன்று கேட்டது.
கணினியில் குத்திப் பார்த்தார்கள்.
"இதுக்குள்ள ஒண்டுமே இல்லையே"
என்று தந்துவிட்டுப் போனார்கள்.
உயரமானவர்
கிரான்குளத்தின் புருசனுக்குச் சொந்த மச்சான் என்று
அடுத்த கிழமைதான் தெரிந்தது.

அக்கரைப்பற்றில் சிபானியா தைக்கிற வீட்டில்
பொத்தான் டப்பாவுக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது.
அதன் எண் எனக்குத் தெரியாது.
என்னுடையது அவளுக்குத் தெரியாது.
முதுகைக் காட்டி நின்று அழுத்தினாள். பச்சை.
ஒன்றிலிருந்து மற்றதற்கு
இரண்டு மணித்தியாலம் ஒழுகியது.
நாற்பத்துமூன்று.
திரும்ப எண்ணினேன்.
நாற்பத்துமூன்று.
களுதாவளை இல்லை.
செவ்வாய் பின்னேரம் பதிந்தது அது,
வியாழன் கொண்டுவர இருந்தேன்.

அவளுடைய ஊர் களுதாவளை இல்லை.
அவளுடைய படலையில் நிற்கிறேன்.
ஓலைப்பாயில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.
நடந்ததை ஒன்றும் குறைக்காமல் சொன்னேன்.
அழிந்தது நல்லதென்றும் சொன்னேன்,
அதுவும் உண்மை.
அவள் கடைசிக் கருவாடுவரை புரட்டி முடித்தாள்.
கை கழுவினாள். மணந்து பார்த்து, இன்னொருதரம் கழுவினாள்.

"மறுகா முதல்ல இருந்தா?"

ஓம் என்றேன்.

மகனைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தாள்,
கடைக்குப் போகச் சொன்னாள்.
பக்கத்துக் கடைக்கு அல்ல,
தூரத்துக் கடைக்கு.