பகல் ஷிப்டுக்கு ஒரு சீட்டு

அம்சவேணி,
ராத்திரி பன்னிரண்டே காலுக்கு
கொப்பரை லாரி ஒன்று எடைமேடை ஏறியது.
பெட்டி சிவப்பெழுத்தில் சொன்னது
பதினாலாயிரத்து முந்நூற்று எண்பது என்று.
கம்ப்யூட்டர் அதைக் கேட்கவில்லை.

எட்டை அடித்தால் கோடு மேலே ஓடுகிறது.
நாலு, இடப்பக்கம்.
மூணு பக்கத்தையே புரட்டிவிடுகிறது.
ஐந்து மட்டும் நடுவில்
பந்திக்குக் கூப்பிடாத பங்காளி மாதிரி
ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது.
புள்ளி வைத்தேன்,
முந்தின லாரியின் நம்பரில் ஓரெழுத்தைக் காணோம்.

"விடியறதுக்குள்ள கரூர் தாண்டோணுங்,
கையில எழுதிக் குடுங்" என்றார் டிரைவர் செங்கோட்டுவேல்.
கையெழுத்துச் சீட்டை மில்லில் வாங்க மாட்டார்கள்.
அவருக்கும் தெரியும். போய் டீ வாங்கி வந்தார், எனக்கும் சேர்த்து.

நம்லாக் விளக்கு எரியவில்லை.
விளக்கை நம்பாதே,
மூன்றும் போன ஆடிக் காற்றோடு போனவை.
ஐந்தை அடித்துப் பார். ஐந்து வந்தால்
பூட்டு விழுந்திருக்கிறது.
பூட்டினால்தான் திறக்கிற பூட்டு
எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

விழவில்லை. மெஷினை அணைத்து
வயரைப் பிடுங்கி, கவிழ்த்துத் தட்டினேன்.
பருப்புத் தூள், செத்த எறும்பு இரண்டு,
ஒரு கம்மல் திருகாணி.
(டிராயரில், பழைய ரசீதில் மடித்து வைத்திருக்கிறேன்.)
நம்லாக்கைக் கத்தி முனையால் நெம்பினால்
அடியில் ரப்பர் குப்பி கிழிந்து கிடக்கிறது.

பக்கத்தில் ஸ்க்ரோல் லாக் என்று ஒன்று.
பதினோரு வருஷமாக
அது எதற்கென்று யாரும் கேட்டதில்லை.
அதன் ரப்பர் வாங்கின அன்றைக்குப் போலவே இருந்தது.
எடுத்து இங்கே வைத்தேன்.
அங்கே இப்போது மூடி மட்டும்.
அமுக்கினால் குழியும், பயப்படாதே.

உள்ளே காசு பேட்டரியும் தீர்ந்துவிட்டது.
கரண்ட் போய் வந்தால்
இரண்டாயிரத்து இரண்டு, ஜனவரி ஒன்று என்கிறது.
அந்தத் தேதியில் ரசீது போட்டுவிடாதே.
முதலில் எஃப் ஒன்று, பிறகு தேதி, பிறகு நம்லாக்.
பேட்டரி காங்கேயம் பஸ் ஸ்டாண்டு வாட்ச் கடையில் நாற்பது ரூபாய்.
முதலாளியிடம் கேட்டேன்.
ஆகட்டும் என்றார். அந்த ஆகட்டும்.

இன்னொன்று.
நேற்று நீ மாற்றிய கடவுச்சொல்.
எல்லாம் சின்ன எழுத்து என்றாய் போனில்.
அரைமணி நேரம் திறக்கவில்லை,
லாரிக்காரர் ஒருத்தர் திட்டியே போய்விட்டார்.
கடைசியில் கேப்ஸ் லாக்கைத் தட்டிவிட்டு அடித்தேன்,
திறந்துகொண்டது.
தெரியாமல் கத்தியிருக்கிறாய்.
திரையில் வெறும் நட்சத்திரங்கள்தானே,
உனக்கே கேட்டிருக்காது.

மாற்றவில்லை, அப்படியே இருக்கட்டும்.
காலை எட்டு மணிக்கு, சாவி கைமாறும் அஞ்சு நிமிஷத்தில்
நீ சத்தமாகப் பேசி நான் கேட்டதேயில்லை.

லாரி ஒன்றே காலுக்கு இறங்கியது.
பூட்டுப் போட்டுவிட்டுத்தான் போகிறேன்.
இருந்தாலும்
ஐந்தை ஒரு தடவை அடித்துப் பார்.

சென்னியப்பன்