மூன்று கிலோ தண்ணீர்

கண்டி ஆஸ்பத்திரியில் காதுக்குள் அதைப் பொருத்திவிட்டு
"என்ன கேட்குது?" என்றாள் வெள்ளைக் கோட்டுப் பிள்ளை.
மின்விசிறி என்று சொல்ல வெட்கம்.
ஒன்றுமில்லை என்றேன்.
எழுந்து வாசலுக்குப் போனபோது என் சேலை உரசியது.
நடந்தால் சத்தம் வரும் என்பதே
மறந்து போயிருந்தது.

பதினொரு வருஷம் ரோலர் அறையில் இருந்தவள் நான்.
இலையை முறுக்கிய உருளைகள்
என் காதையும் சேர்த்து முறுக்கின என்று
எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.
"கூப்பிட்டால் திரும்புவதில்லை" என்று மட்டும் எழுதி
மலைக்கு அனுப்பினார்கள், கொழுந்து பறிக்க.
போன வருஷம் குளவி கலைந்தது.
நிரை முழுக்கக் கத்திக்கொண்டு ஓட
நான் மட்டும் பறித்துக்கொண்டிருந்தேன்.
ஏழு கொட்டு.
அதற்குப் பிறகுதான் கண்டிக்குத் துண்டு கொடுத்தார்கள்.

கருவி ஒரு அவரைக் கொட்டை அளவு.
மழை ஆகாது, பனி ஆகாது, வியர்வை ஆகாதாம்.
பொகவந்தலாவையில் இந்த மூன்றும் இல்லாத நாள் எது என்று
அந்தப் பிள்ளையிடம் கேட்கவில்லை.
இரவில் அரிசி டின்னுக்குள் படுக்கும்.
பெட்டரியின் செம்மஞ்சள் ஒட்டை உரித்து
ஒரு நிமிஷம் காற்றுக் காட்ட வேண்டும்;
அதற்குள் தேத்தண்ணி குடித்துவிடுவேன்.
கொங்காணி உரசினால் கூவும்.
முதல் நாள், கங்காணியின் விசில் என்று நினைத்து
பாதி நிரையில் மேலே ஏறிவிட்டேன்.
ஞானசோதி சிரித்தாள்.
அட, இவளுக்கு இப்படியா சிரிப்பு,
ஒன்பது வருஷமாய்ப் பல்லைத்தான் பார்த்திருக்கிறேன்.

கேட்டதெல்லாம் நல்லதில்லை.
தகரத்தில் மழை விழுந்தால் கழற்றி வைத்துவிடுகிறேன்.
பக்கத்துக் காம்பிராவில் நடுச்சாமத்தில்
ட்ரங்குப் பெட்டியை இழுத்துக் காசு தேடுகிறார்கள்.
கூட்டாளிகளிடம் சின்னவன் எனக்கு என்ன பேர் சொல்கிறான்
என்பதும் கேட்டது.
அதை இங்கே சொல்லப்போவதில்லை.

பிறகு, தராசு.
அந்தி நிறுவை, மூன்று நேரக் கொழுந்தையும் கூட்டும் நேரம்.
மற்றவர்கள் கூடை தொங்கினால்
கணக்கப்பிள்ளை குரலைத் தாழ்த்துவார்.
என் கூடைக்கு அந்தக் கஷ்டம் இல்லை அவருக்கு.
பேனா பிடித்த பையனிடம் உரக்கவே சொன்னார்:
"பூங்காவனம், இருபது வருது.
தண்ணிக்கு மூணு கழி. பதினேழு போடு."
வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பதினெட்டு இருந்தால் முழுப்பேர்.
பதினேழுக்கு அரைப்பேர்.
என் கைதான் மெதுவென்று நினைத்திருந்தேன்.
விரல்களைத் திட்டியிருக்கிறேன்,
சோறு பிசையும்போது கூட.

அன்றைக்கு வாய் திறக்கவில்லை.
வருஷக்கணக்காய்க் கேட்காத என் குரல்
எவ்வளவு பெரிசாய் வரும் என்று தெரியாது.
ராத்திரி போர்வைக்குள் சொல்லிப் பார்த்தேன்.
"யாரோட பேசுறீங்க?" என்றான் சின்னவன்.

மறுநாள் வரிசையில் நிற்கையில்
காதுக்குள் நாலு தரம் மணி அடித்து
பெட்டரி செத்தது.
மலை அப்படியே அணைந்தது.
ஹட்டனில் கடிகாரக் கடையில்தான் அது கிடைக்கும்,
ஆறு உள்ள அட்டை,
விலை கிட்டத்தட்ட ஒரு முழுப்பேர்.

கூடை தொங்கியது. அவர் உதடு அசைந்தது.
என்ன எண் என்று எனக்குத் தெரியாது.
கொங்காணியை ஒதுக்கினேன், காதில் இருப்பது தெரிய.
"கேட்டுச்சு" என்றேன்.
ரோலர் அறையில் கத்துகிற மாதிரி வந்திருக்க வேண்டும்,
ஆறேழு பேர் திரும்பினார்கள்.
"எந்தத் தண்ணி ஐயா, இந்த வெயிலுக்கு?"
அதையும் கேட்டேன்.

பையன் பேனாவைத் தூக்கினான்.
கணக்கப்பிள்ளை நெடுநேரம் ஏதோ சொன்னார்,
என் காதைப் பார்த்தே சொன்னார்,
ஒரு சொல் கேட்கவில்லை.
பையன் எதையோ வெட்டி, பக்கத்தில் எழுதினான்.
பின்னால் நின்ற ஞானசோதி
கூடையை இறக்காமலே பல்லைக் காட்டினாள்.
அந்தச் சிரிப்பின் சத்தம்
இப்போது எனக்குத் தெரியும்.