சான்றுப்பொருள் எண் பன்னிரண்டு

சான்றுப்பொருள் அறையின் சாவி என்னிடம்தான்.
பதினோரு வருடமாகக்
கத்திக்கும் கள்ளப் பத்திரத்துக்கும்
திருட்டு ஆட்டின் கழுத்துமணிக்கும் சீட்டு ஒட்டியிருக்கிறேன்.
புகை நாற்றத்துக்கு எங்கே ஒட்டுவதென்று
இந்த வழக்கில்தான் திகைத்து நின்றேன்.

நான்கு தலைக்கவசங்கள்.
வெயிலில் விட்ட மெழுகாய்ச் சரிந்த ஒன்றின் உள்ளே
பாதிப் பெயர்: ஸெஃபெ—
ஸெஃபெரினோ, பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.
ஆகஸ்டில் பள்ளி கிடையாது, அதனால் தீயணைப்பு வண்டியில் ஏறினான்.
இல்டா மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு வந்தவள்;
"இரண்டு மணிக்குத் திரும்புவேன்" என்ற அட்டை
அக்டோபர் வரை கண்ணாடிக் கதவில் தொங்கியது.
அமதேவு. அவன் மைத்துனன் குஸ்தோதியோ.
நால்வருக்கும் சம்பளமில்லாத சீருடை.

பெய்ராவின் மலையெங்கும் யூக்கலிப்டஸ்,
காகித ஆலைக்காக நட்டது.
இலைதோறும் எண்ணெய் சுமக்கும் மரம்
ஒரு தீக்குச்சிக்குக் காத்திருந்தது என்று
செய்தித்தாளில் எழுதினார்கள்.
மரம் எதற்கும் காத்திருப்பதில்லை.
காத்திருந்தவன் அடெரிட்டோ ஃபல்காட்டோ.

வரைபடத்தில் பதினேழு சிவப்பு ஊசிகள்.
முதல் மூன்று குப்பைமேட்டில்.
ஆறாவது தீயை அவனே தொலைபேசியில் சொன்னான்.
ஒன்பதாவதை அணைக்க வந்தவர்களுக்குத்
தன் தோட்டத்துப் பீச் பழங்களைக் கொடுத்தான்.
படம் இருக்கிறது, சான்றுப்பொருள் நாற்பத்தொன்று:
மணிக்கட்டில் சாறு வழிய இல்டா சிரிக்கிறாள்,
ஓரத்தில் பழக்கூடை, அதைப் பிடித்த கட்டைவிரல்.

"கொன்றது காற்று" என்றார் எதிர்த்தரப்பு,
"என் கட்சிக்காரர் கொளுத்தியது ஒரு முழம் புல்."
அரசு வழக்கறிஞர் ஒட்டீலியா சர்மெந்து
குரலை உயர்த்தவில்லை.
அவன் கைபேசியில் தேடியதை வாசித்தார்:
காற்றின் வேகம், நாளை.
காற்றின் திசை, நாளை.
மூன்று நீதிபதிகளும் எழுதுவதை நிறுத்தினார்கள்.

பிறகு வானொலிப் பதிவு.
தண்ணீர் முடிந்தது.
பாதை தெரியவில்லை.
ஹாரனை அடி ஸெஃபெ, சத்தத்தைப் பிடித்து வருகிறோம்.
அப்புறம் ஹாரன்.
நாற்பது நொடி, ஹாரன் மட்டும்.
அடெரிட்டோ தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எரிந்தது எதுவும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.
முந்தின வருட ஜூலையில்
வழிதவறி வந்த ஒரு தூறலில்
பன்னிரண்டாவது மட்டும் பற்றாமல் போனது.
நனைந்த ஆறு குச்சிகள், நீல நூல்,
திராட்சைக் கொடிக்குப் போடும் முடிச்சு.
நூலின் நுனியைப் பல்லால் கடித்து அறுத்திருந்தான்.
எச்சில் காய்ந்த பிறகும் பேசும்,
கேட்க ஆள் இருந்தால்.
பதின்மூன்று மாதம் அது
காவல் நிலைய இழுப்பறை ஒன்றில் கிடந்தது.
உறையின்மேல் யாரோ எழுதியிருந்தார்கள்: அவசரமில்லை.
அந்தக் கையெழுத்தை யாரும் விசாரிக்கவில்லை.

குப்பியில் அதை நான்தான் மன்றத்துக்குள் எடுத்துப்போனேன்.
கதவிலிருந்து மேசைக்குப் பதினாறு அடி.
என் கை நடுங்கியதில்
குச்சிகள் கிலுகிலுப்பைபோல் ஒலித்தன;
பின்வரிசையில் ஒரு கைக்குழந்தை திரும்பிப் பார்த்தது.
அமதேவின் குழந்தை.

இருபத்தைந்து வருடம் என்று தீர்ப்பானது.
யாரும் கைதட்டவில்லை.
குஸ்தோதியோவின் தாய் தெயோலிந்தா
என் ஜன்னலுக்கு வந்து, கையுறை கிடைக்குமா என்றாள்.
மேல்முறையீடு முடியட்டும் என்றேன்.
அந்தச் சொல்லை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.
அன்றுதான் அது வாயில் கசந்தது.

மேல்முறையீடும் முடிந்தது.
கையுறைக்குக் கையெழுத்து வாங்கினேன்;
அவள் அதற்குள் தன் கையை நுழைத்தபடியே படியிறங்கினாள்.

மிச்சத்தை அழிக்க உத்தரவு.
"அழிக்கும் முறை" என்ற கட்டத்தில்
அச்சிட்டே வருகிறது: எரித்தல்.
பன்னிரண்டுக்கு மட்டும் அதை அடித்துவிட்டு
நீரில் என்று எழுதி அனுப்பினேன்.
அனுமதியில்லாத முறை என்று திரும்பி வந்தது.
மறுபடி எழுதினேன். மறுபடி வந்தது.

குப்பி இன்னும் மூன்றாம் தட்டில் இருக்கிறது.
மழை பெய்யும் நாட்களில்தான்
அந்த அலமாரியைத் துடைக்கிறேன்.